மனைவியின் கவுனில் ஒரு கணவன்

இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் ஓவியக்கூடத்தில் உள்ள ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஜோஹன் ஸோஃபனி 1760களில் வரைந்தது. நடுவில் பெண் உடுப்பில் ஓர் ஆண் நிற்கிறான். நல்ல குடி. அவனை இரவுக் காவலர்கள் சூழ்ந்திருக்கிறார்கள். அவன் அவர்களோடு மல்லுக்கு நிற்கிறான். உடுப்பு பெண்ணுடையது, கால் அகட்டி நிற்கும் நிலையும் முறைப்பும் ஆணுடையவை. பார்ப்பவர்கள் சிரிக்க வேண்டிய இடம் இந்தப் பொருத்தமின்மையில்தான் இருக்கிறது. அந்த ஆண் டேவிட் கேரிக். 18ஆம் நூற்றாண்டு லண்டன் மேடையின் மிகப் பெரிய நடிகர், ட்ரூரி லேன் அரங்கின் நிர்வாகி. வேடம், சர் ஜான் புரூட். நாடகம், ஜான் வான்ப்ரூ எழுதி 1697இல் மேடையேறிய ‘தி ப்ரொவோக்ட் வைஃப்’. சீண்டப்பட்ட மனைவி என்று தமிழில் சொல்லலாம்.

நாடகத்தின் பெயரில் மனைவி இருக்கிறாள். ஓவியத்தில் அவள் இல்லை. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்.

அக்காலத்தில் நாடகக் காட்சிகளை ஓவியமாக்குவது பெரிய தொழிலாக வளர்ந்தது. அதை வளர்த்ததில் கேரிக்குக்குப் பெரும் பங்குண்டு. ஸோஃபனி ஜெர்மனியிலிருந்து 1760இல் லண்டனுக்கு வந்தவர். அவரை ஆதரித்து, தன்னை வெவ்வேறு வேடங்களில் வரையச் சொன்னவர் கேரிக். முதல் படம் ‘தி ஃபார்மர்ஸ் ரிட்டர்ன்’, 1762இல் காட்சிக்கு வந்தது. நம் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனதற்கு அடுத்த ஆண்டு அது. ஓவியங்களிலிருந்து அச்சுப்படிகள் எடுத்து விற்றார்கள். நாடகத்துக்குப் போக வசதியில்லாதவரும் கேரிக்கின் முகத்தை வாங்கிச் சுவரில் மாட்டலாம். மேடையில் ஒரு நொடியில் மறைந்துவிடும் நடிப்பு இப்படித்தான் சொத்தாக மாறியது. யாருடைய சொத்தாக என்பதுதான் கேள்வி.

நாடகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சர் ஜான் புரூட் திருமணம் சலித்துப்போனவன். மனைவி லேடி புரூட் பணத்துக்கும் அந்தஸ்துக்குமாக அவனைக் கட்டிக்கொண்டவள். அதை அவளே ஒப்புக்கொள்கிறாள். அவன் தினமும் அவளை இழிவுபடுத்துகிறான். முதல் காட்சியிலேயே அவள் தனியாக நின்று ஒரு கணக்குப் போடுகிறாள்: நான் அவனுக்கு உண்மையாக இருப்பதாக வாக்குக் கொடுத்தேன், அவன் என்னை அன்பாக நடத்துவதாக வாக்குக் கொடுத்தான், அவன் வாக்கு முறிந்தபின் என் வாக்கு மட்டும் என்னைக் கட்டுமா? 1697இல் ஒரு பெண் பாத்திரம் மேடையில் நின்று திருமணத்தை ஒப்பந்தமாகப் பார்த்து, மறுதரப்பு மீறிவிட்டது என்று வாதிடுகிறாள். அன்றைய இங்கிலாந்தில் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் இயற்றினால்தான் மறுமணத்துக்கு இடம்தரும் விவாகரத்து கிடைக்கும். அது பெரும் பணக்கார ஆண்களுக்கு மட்டுமே எட்டிய கனி. நீதிமன்றம் வழியான விவாகரத்துச் சட்டம் 1857இல்தான் வந்தது.

இப்போது அந்தக் கவுனுக்கு வருவோம். முதலில் எழுதப்பட்ட நாடகத்தில் சர் ஜான் பாதிரியார் அங்கியைப் போட்டுக்கொண்டு கலாட்டா செய்கிறான். மதத்தைக் கேலி செய்வதாக நாடகங்கள்மீது கடும் தாக்குதல் எழுந்த காலம் அது; ஜெரமி காலியர் 1698இல் எழுதிய நூல் வான்ப்ரூவையும் விடவில்லை. பின்னர் 18ஆம் நூற்றாண்டில் அந்தக் காட்சி மாற்றி எழுதப்பட்டது. பாதிரியார் அங்கி போய்ப் பெண் உடை வந்தது. தையல்காரர் லேடி புரூட்டுக்காக எடுத்துப்போகும் துணி மூட்டையை வழியில் பறித்து, சர் ஜான் அணிந்துகொள்கிறான். பிடிபட்டு நீதிபதி முன் நிற்கும்போது, பகட்டான சீமாட்டியின் அன்றாடத்தைத் தன் அன்றாடம்போல விவரித்துச் சிரிப்பு மூட்டுகிறான்.

பாதிரியாரைக் கேலி செய்தால் புண்படும் என்று ஒரு சமூகம் முடிவு செய்கிறது. அந்த இடத்தில் யாரை வைக்கலாம் என்று தேடுகிறது. மனைவி கிடைக்கிறாள். இதை யாரும் சதி என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த இடம் பாதுகாப்பாகச் சிரிக்கக்கூடிய இடம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி திருமணமான பெண்ணின் அசையும் பொருள்கள் கணவனுடையவை. அவள் உடுத்தும் துணியைக்கூட அவன் உயிரோடு இருக்கும்வரை அவன் விற்கலாம், கொடுக்கலாம். மனைவியருக்குச் சொத்துரிமை தந்த சட்டங்கள் 1870, 1882 ஆண்டுகளுக்குரியவை. ஆக, ஸோஃபனியின் ஓவியத்தில் ‘மனைவியின் கவுன்’ என்று நாம் சொல்வது பழக்கத்தால் சொல்வது. சட்டம் அதை அவன் கவுன் என்றே சொல்லும். அவன் யாரிடமிருந்தும் எதையும் திருடவில்லை. நகைச்சுவையின் அடியில் கிடக்கும் இந்தச் சட்டம் தெரிந்தபின் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிப்பது எனக்குக் கடினமாகிவிட்டது.

ஓவியர் தேர்ந்தெடுக்காத காட்சி ஒன்று இதே நாடகத்தில் உண்டு. இரவுக் கூத்தெல்லாம் முடித்து, அழுக்கும் இரத்தமுமாக வீடு திரும்பும் சர் ஜான், மனைவியிடம் முத்தம் கேட்டு வற்புறுத்துகிறான். அவள் அருவருப்போடு நிற்கிறாள். அதுவும் நகைச்சுவைக் காட்சிதான். அன்று அரங்கம் சிரித்திருக்கும். ஆனால் அந்தக் காட்சியை வரைந்திருந்தால் லேடி புரூட்டின் முகத்தையும் வரைய வேண்டியிருக்கும். தெருக்காட்சியில் அந்தத் தொல்லை இல்லை. அங்கே அவளுக்குப் பதிலாக அவள் துணி போதும். சுற்றி நிற்கும் காவலர்களாக நடித்த துணை நடிகர்களுக்குக்கூடப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள் கலை வரலாற்றாளர்கள்.

*

பெண் வேடம் போடும் ஆண் என்றால் செஞ்சிப் பக்கத்தவர்களுக்கு என்ன புதிது என்று கேட்கலாம். புதிது இல்லைதான். திரௌபதி அம்மன் வழிபாட்டின் தலைவாசல் எங்கள் ஊர். பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரிக் கோயிலைத்தான் மூலக்கோயிலாகச் சொல்வார்கள். சுனீதன் என்ற செஞ்சி அரசனுக்காகத் திரௌபதி இங்கே மறுபடி தோன்றினாள் என்பது தலக்கதை. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலின் முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை என்ற பொருளில்தான் துணைத்தலைப்பு வைத்தார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கூத்தில் திரௌபதியாக வருவது ஆண்.

ஆனால் கேரிக் கவுன் போடுவதும் எங்கள் ஊர்க் கூத்துக்காரர் புடவை கட்டுவதும் ஒன்றல்ல. பகடை துகில் நடக்கும் இரவில் துச்சாதனன் வேடக்காரர் திரௌபதியின் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். எதிரே நிற்பவர் பகலில் தன்னோடு டீ குடித்தவர் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். பார்க்கும் பெண்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் யாரும் சிரிப்பதில்லை. சிலர்மீது சாமி இறங்கிவிடும். ஆண் உடம்பு புடவைக்குள் இருப்பது இங்கே வேடிக்கைப் பொருளாவதில்லை. அந்தப் புடவைக்குள் ஓர் அவமானம் இருக்கிறது, அதற்கு ஊரே சாட்சி நிற்கிறது.

கூத்திலும் நகைச்சுவை உண்டு. கட்டியக்காரன் வாயில் மனைவியும் மாமியாரும் படும் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாம். விடியும்வரை கூட்டம் தூங்காமல் இருக்க அவன் எடுக்கும் முதல் ஆயுதம் பெண்டாட்டி ஜோக். கூத்தின்மீது எவ்வளவு அன்பிருந்தாலும் இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. சர் ஜான் புரூட்டுக்கு இங்கே உறவினர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு நேரெதிரான நகைச்சுவையும் அதே கூத்தில் இருக்கிறது. திரௌபதி குறவஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வனவாச காலத்தில் திரௌபதி குறத்தி வேடமிட்டுக் கௌரவர் அரண்மனைக்குப் போய்க் குறி சொல்கிறாள். மேடையில் ஓர் ஆண், அவர் அரசி, அந்த அரசி குறத்தி. மூன்று அடுக்கு வேடம். அரசியாக அந்தச் சபையில் அவள் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. தெருவில் குறி சொல்லும் பெண்ணாக வரும்போது அதே வீட்டுக்குள் வழி கிடைக்கிறது. சர் ஜான் பெண்ணின் உடையைப் போட்டுப் பெண்ணைச் சிறிதாக்குகிறான். திரௌபதி தன்னைவிடத் தாழ்வாகக் கருதப்பட்ட பெண்ணின் உடையைப் போட்டுத் தன் வாயைத் திறந்துகொள்கிறாள். வேடம் மாறுவது இரண்டிலும் பொது. யாரை நோக்கிச் சிரிப்பு பாய்கிறது என்பதுதான் வேறு.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. குறத்தி என்ற வேடத்தை எழுதியவரும் ஆடியவரும் பெரும்பாலும் குறவர்கள் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் குறவஞ்சி தமிழின் பெரும் நாடக வடிவமாக இருந்தது. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி அதன் உச்சம். தலைவி காதலில் வாடுவாள், குறத்தி மலைவளம் சொல்வாள், குறவன் தேடி வருவான், சிரிப்பு பிறக்கும். சிரிப்பு பிறப்பது குறவன் குறத்தியிடம்தான், தலைவியிடம் இல்லை. உயர்குடிப் பெண்ணின் மானத்தைக் காக்க, சாதியில் தாழ்த்தப்பட்ட பெண்ணின் உடம்பும் பேச்சும் நகைச்சுவைக்குத் தரப்பட்டன. பாதிரியாரைக் காக்க மனைவியைக் கொடுத்ததுபோல.

*

அப்படியானால் நம் நடிகர்களை வரைந்தவர்கள் யார்?

டில்லி கெட்டில் என்ற ஆங்கில ஓவியரின் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். 1765இல் லண்டனில் அவர் வரைந்தது, மேரி ஆன் யேட்ஸ் என்ற நடிகை ‘தி ஆர்ஃபன் ஆஃப் சைனா’ நாடகத்தில் மண்டேன் வேடத்தில் நிற்பதை. சீனத்தைக் கண்டிராத ஆங்கிலப் பெண், சீனப் பெண்ணாக நிற்கிறார். நடிகையின் பெயர், பாத்திரத்தின் பெயர், நாடகத்தின் பெயர் மூன்றும் தலைப்பில் உண்டு. சில ஆண்டுகளில் கெட்டில் சென்னைக்கு வருகிறார். ஆற்காட்டு நவாப் முகமது அலியை வரைகிறார். செஞ்சிச் சீமை அந்த நவாபின் ஆளுகைக்குள் இருந்ததுதான். பிறகு வடக்கே போகிறார். 1772இல் ஹூக்காவுடன் இருக்கும் இந்திய நடனப் பெண் ஒருத்தியை வரைகிறார். இவளும் மேடைக் கலைஞர்தான். கூட்டத்தின் முன் ஆடிப் பாடிப் பிழைப்பவள்தான். தலைப்பில் அவள் பெயர் இல்லை, ஆடிய பாட்டின் பெயர் இல்லை. நடனப் பெண், அவ்வளவே.

ஒரே தூரிகை. லண்டனில் நடிகையை வரைந்தது. இந்தியாவில் ஒரு வகையை வரைந்தது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கும்பினிக்காரர்களுக்காக நம் ஓவியர்களே வரைந்து கொடுத்த படத் தொகுப்புகளிலும் இதே கதைதான். சாதிக்கு ஒரு ஜோடி, தொழிலுக்கு ஒரு ஜோடி. தாசி, மேளக்காரர், பாம்பாட்டி. வேடத்துக்கும் ஆளுக்கும் இடைவெளியே இல்லாதவர்களாக அவர்களைக் காட்டின அந்தப் படங்கள். நடிப்பு என்பதே அந்த இடைவெளிதானே? ஸோஃபனியின் படத்தைப் பார்ப்பவர் இவர் குடிகாரர் இல்லை, கேரிக் என்று அறிந்துதான் ரசிக்கிறார். நடனப் பெண்ணைப் பார்ப்பவர் இவள் இதுதான் என்று நம்புமாறு வரையப்பட்டிருக்கிறது. பின்னாளில் தேவதாசிகள்மீது ஒழுக்கத் தீர்ப்பு எழுதியவர்களுக்கு இந்தப் பார்வை தயாராகக் கிடைத்தது.

ஹூக்கா வைத்திருக்கும் பெண் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து ஓவியக்கூடத்தில் இருக்கிறாள். அந்தப் பல்கலைக்கழகம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறது? சென்னை ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த எலிஹு யேல். அவர் காலத்தில், 1690இல், கடலூர் தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். விற்ற ராஜாராம் அப்போது இருந்தது செஞ்சிக் கோட்டையில். எங்கள் மலைக்கும் அந்த ஓவியக்கூடத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

*

அதே யேல் கூடத்தில் இன்னொரு பெண்ணும் இருக்கிறார். ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1771இல் வரைந்த ஃபிரான்சிஸ் அபிங்டன். காங்க்ரீவின் ‘லவ் ஃபார் லவ்’ நாடகத்தில் மிஸ் ப்ரூ என்ற விவரமறியாத கிராமத்துப் பெண்ணாக. நாற்காலியின் முதுகில் சாய்ந்து, கட்டைவிரலை உதட்டில் வைத்திருக்கிறார். குழந்தைத்தனம் என்றும் படிக்கலாம், அழைப்பு என்றும் படிக்கலாம். இரண்டையும் சேர்த்தே படிக்கச் சொல்லும் படம். பெண்ணின் அறியாமையை ருசிக்கும் ஆண் கண்ணுக்கு விருந்து என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம்.

நான் அப்படிச் செய்ய மாட்டேன். அந்தக் கண்களைப் பாருங்கள். நேராக நம்மையே பார்க்கின்றன. அபிங்டன் அப்போது முப்பதைத் தாண்டியவர். தெருவில் பூ விற்று, பாடி, வீட்டு வேலை செய்து மேடைக்கு வந்தவர். அவர் போட்ட தொப்பியை லண்டன் சீமாட்டிகள் அவர் பெயரிலேயே வாங்கிப் போட்டார்கள். விவரமறியாத பெண்ணை விவரமறிந்த பெண் நடிக்கிறார். கட்டைவிரலுக்கும் கண்ணுக்கும் நடுவில் அந்த இடைவெளி தெரிகிறது. ஓவியம் அவரை விற்கிறது என்பது உண்மை. விலையை அவரும் சேர்ந்து நிர்ணயிக்கிறார் என்பதும் உண்மை. ஹூக்காப் பெண்ணுக்கு மறுக்கப்பட்டது துல்லியமாக இதுதான்.

அபிங்டன் இன்னொரு படத்திலும் வருகிறார். ஷெரிடனின் ‘தி ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்’ 1777 மே 8 அன்று ட்ரூரி லேனில் முதலில் மேடையேறியது. லேடி டீஸில் வேடம் அவருக்கு. ஜேம்ஸ் ராபர்ட்ஸ் அதன் திரைக் காட்சியை ஓவியமாக்கினார். வேற்று ஆணின் அறையில் ஒரு மறைப்புத் தட்டியின் பின்னால் ஒளிந்திருக்கும் மனைவி, தட்டி சாய்க்கப்பட்டதும் கணவன் முன்னால் வெளிப்பட்டு நிற்கிறாள். ஆங்கில நகைச்சுவை நாடகங்களில் மிகப் புகழ்பெற்ற நொடி. ஓவியம் அந்த நொடியில் நின்றுவிடுகிறது. நாடகம் நிற்பதில்லை. அடுத்து லேடி டீஸில், தன்னைக் காப்பாற்றுவதுபோல் பொய் சொல்லும் ஆணை மறுத்து, உள்ளதை உள்ளபடி கணவனிடம் சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். படம் அவள் பிடிபட்டதை வைத்துக்கொண்டது, பேசியதை விட்டுவிட்டது.

கூத்திலும் திரை உண்டு. இரண்டு பேர் பிடித்து நிற்பார்கள். அதன் பின்னால் நின்று பாத்திரம் தன் வரவைத் தானே பாடி, தான் யார் என்று தானே சொல்லி, பிறகுதான் திரை விலகும். பிடிபட்டு வெளிப்படுவதற்கும் அறிவித்து வெளிப்படுவதற்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் ஒரு பெண்ணின் வாழ்நாள் அளவு. ஆனால் எங்கள் திரைக்குப் பின்னால் பாடும் குரல் பெண்ணுடையது இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ராபர்ட்ஸின் அந்தப் படம் லண்டன் கேரிக் கிளப்பில் இருக்கிறது. 1831இல் தொடங்கப்பட்ட, நடிகரின் பெயர் தாங்கிய கிளப். நாடக ஓவியங்களின் பெருந்தொகுப்பு அங்கே உண்டு. நடிகைகள் சுவரெல்லாம் தொங்குகிறார்கள். பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று அந்தக் கிளப் வாக்களித்தது 2024 மே மாதத்தில். 193 ஆண்டுகள் பெண்கள் அங்கே சட்டகத்துக்குள் இருக்கலாம், விருந்தாளியாக வரலாம், உரிமையோடு உட்கார முடியாது.

*

சிரிப்பதற்கு முன் நம் பக்கம் பார்ப்போம். கூத்து ஜமாக்களில் பெண் வேடம் கட்டும் ஆண்களின் பெயரை ஊர் மதிப்போடு சொல்கிறது, சொல்ல வேண்டும். அந்தக் கலை எளிதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் கணவர் பெண் வேடக்காரர். பல ஆண்டுகள் அவர் கட்டியது அந்த அக்காவின் கல்யாணப் பட்டு. என் புடவை பார்க்காத ஊரில்லை, நான்தான் எங்கும் போனதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார் அவர். சிரிக்கத் தெரிந்த பெண். ஸோஃபனியின் படத்தில் இல்லாத லேடி புரூட் எப்படி இருப்பாள் என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் புரிந்தது. இவர் கணவர் குடிகாரரோ கொடுமைக்காரரோ இல்லை. அன்பானவர்தான். அன்பிருந்தும் புடவை மட்டுமே ஊர் பார்த்தது.

இரவு முழுக்க வெளியே இருக்க வேண்டும், ஊர் ஊராகப் போக வேண்டும், தீட்டு பார்க்கும் கோயில் வாசலில் ஆட வேண்டும் என்று பெண்கள் ஆடாததற்குக் காரணங்கள் அடுக்குவார்கள். காஞ்சிபுரம் அருகே கட்டைக்கூத்துச் சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் முறையாகக் கற்று மேடையேறினார்கள். முடியாது என்று சொல்லப்பட்டது முடிந்தது. பெண் உடம்பு பெண் வேடம் கட்டும்போது கலை கெட்டுவிடும் என்ற வாதத்துக்கு அதற்குப் பிறகு மதிப்பில்லை. அவர்கள் துரியோதனனையும் ஆடலாம். வேடம் என்பது இடைவெளி என்றால், அந்த இடைவெளி எல்லோருக்கும் பொது.

இன்னும் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். எங்கள் ஊர்களில் பதினெட்டாம் போர் நாளன்று படுகளத்தில் மண்ணால் துரியோதனனைப் பெரிதாகக் கிடத்துவார்கள். தொடை பிளந்து, திரௌபதி கூந்தல் முடிந்தபின், முறமும் துடைப்பமுமாக அடிக்கும் சடங்கும் ஒப்பாரியும் உண்டு. அங்கே பெண்கள் மாரடித்து அழுவார்கள். செத்தது மண் என்று அவர்களுக்குத் தெரியும். யாருக்காக அழுகிறோம் என்பதும் அவரவருக்குத் தெரியும். அது நடிப்பு இல்லை, சடங்கு என்று சொல்லிவிடுகிறோம். விடிய விடிய ஆண்கள் செய்தது கலை, பகலில் பெண்கள் செய்தது பழக்கம். இந்தப் பிரிவினையைப் போட்டது யார்?

நாடக ஓவியங்களைப் பார்ப்பதால் நமக்கு என்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். ஒரு கலையில் எது நடிப்பு, யார் நடிகர், எந்த நொடி நினைவில் நிற்க வேண்டும் என்று ஓவியம் தீர்மானித்துவிடுகிறது. இன்று அந்த வேலையைப் புகைப்படம் செய்கிறது, கைபேசி செய்கிறது, கோயில் திருவிழா ஃபிளெக்ஸ் பேனர் செய்கிறது. சட்டகம் போடுபவர் மாறினாலும் விட்டுப்போவது பெரும்பாலும் அதே ஆள்தான். படத்தைப் பார்க்கும்போது அந்த உடுப்பு யாருடையது, அவள் இப்போது எங்கே என்று கேட்டுப் பழக வேண்டும். கேட்க ஆரம்பித்தால், கேரிக்கின் கவுனிலிருந்து அந்த அக்காவின் பட்டுப்புடவை வரை பதில் வைத்திருக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.